மெல்கி உட்கார்ந்த இடம்

சிலுவைத்துறையில் குருவுக்குக் காவியும் கிடையாது, கமண்டலமும் கிடையாது. பூப்போட்ட நைட்டிக்கு மேல் கிரீஸ் கறை படிந்த ஓர் ஆண் சட்டை, காதோரம் ஒரு பென்சில். பெயர் ஜெசிந்தா.

படகு கட்டுகிறவர்களை அந்தக் கரையில் ஓடாவி என்பார்கள். அப்பா போன பிறகு கொட்டகையை ஜெசிந்தா எடுத்து நடத்தியபோது ஊர் கேலியாகத்தான் அவளை "ஓடாவி" என்று கூப்பிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் கட்டி, எடை பார்த்துக் கொடுத்த படகுகள் திருவிழாப் பந்தயத்தில் வரிசையாக முந்தி வரவும் கேலி கழன்று விழுந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சீடனுக்குத்தான் தலை நரைத்திருந்தது. அவர் பெயர் கஸ்பார். குருவை விடப் பதினைந்து வயதாவது மூத்தவர். குரு அவரை "அண்ணே" என்பாள். சீடன் அவளை "வாங்க, போங்க" என்பார். முதல் நாளே அவள் நெளிந்தாள்.

"அண்ணே, நீங்க வாங்கன்னா எனக்குக் கூச்சமா இருக்கு."

"கத்துக்க வந்த எடத்துல நீன்னு சொல்ல நாக்கு வரமாட்டேங்குது. நீங்கதான் பழகிக்கிடணும்."

அவள் பழகிக்கொண்டாள்.

கஸ்பாருடைய அம்மா, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பதாக நேர்ந்துகொண்டவள். மூத்தவன் கஸ்பார். இளையவன் மெல்கியோர், வீட்டில் மெல்கி. மூன்றாவது ராஜா வரவே இல்லை. இரண்டையும் வளர்த்ததிலேயே அம்மாவுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. பிறகு அண்ணனும் தம்பியும் ஜெசிந்தாவிடம் ஒரு பந்தயப் படகு கட்டி வாங்கி, அதற்குப் பல்தசார் என்று பெயர் எழுதி, "ஆத்தா, உன் நேர்த்திக்கடன் முடிஞ்சுது" என்று கரையில் நின்று கத்தினார்கள்.

பல்தசார் மீன் பிடிக்கிற படகு இல்லை. ஓடுவதற்கென்றே கட்டியது. மெலிந்த பைபர் உடம்பு, பின்னால் அதற்குப் பொருந்தாத பெரிய மோட்டார். இரண்டே இருக்கை. இடப்பக்கம் கஸ்பார் சுக்கானைப் பிடிப்பார். வலப்பக்கம் மெல்கி விசையைக் கூட்டுவான், குறைப்பான். ஒருவர் கையில் திசை, மற்றவர் கையில் வேகம். மாதா கோயில் கொடியிறக்கத்துக்கு மறுநாள் எல்லாப் படகும் கிளம்பி, கடலுக்குள் பாறையாக நிற்கும் ஆமைத்திட்டை வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு கரை திரும்ப வேண்டும். பல ஆண்டுகள் பல்தசாருக்கு முன்னால் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

மெல்கி ஆள் எருமை மாதிரி இருப்பான். அவன் ஏறினால் படகு ஒரு தடவை பெருமூச்சு விட்டுத்தான் நிமிரும்.

போன வருஷம், ஐஸ் கம்பெனி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அடக்கத்தன்று கஸ்பார் அழவில்லை. பந்தல்காரனுக்கு நாற்காலி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சில வாரம் கழித்து அவர் ஜெசிந்தாவின் கொட்டகைக்கு வந்து நின்றார்.

"படகு சாயாம இருக்க எடை வைக்கிறது எப்படின்னு எனக்குச் சொல்லிக்குடுக்கணும். இத்தனை நாளும் அதெல்லாம் மெல்கிதான் உங்ககிட்டப் பேசுவான். நான் சுக்கானைத் தவிர ஒண்ணையும் தொட்டதில்ல."

"வேற?"

"எது நல்ல புரொப்பெல்லர்னும் சொல்லணும்."

கொட்டகைச் சுவர் முழுக்கப் புரொப்பெல்லர்கள் ஆணியில் தொங்கின. மூன்று இறக்கை, நான்கு இறக்கை, அலுமினியம், எஃகு. ஜெசிந்தா அதைக் கைகாட்டினாள்.

"எல்லாம் நல்லதுதான்."

"எல்லாம் நல்லதுன்னா எதுக்கு இத்தனை?"

"செருப்புக் கடையில போயி, எது நல்ல செருப்புன்னு கேப்பீங்களா அண்ணே?"

கஸ்பார் அன்றைக்கே வேலையில் இறங்கினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், இறக்கைகளை மெருகேற்றினார், கொட்டகையைப் பெருக்கினார். அந்த வருஷம் பல்தசார் பந்தயத்துக்குப் போகவில்லை. ஆனால் அதன் பழைய எஃகுப் புரொப்பெல்லரை மட்டும் அவர் வாரந்தோறும் துடைத்து வைத்தார். மூன்று இறக்கை, நல்ல முறுக்கம். தண்ணீர் மரக்கட்டையாக இருந்தால் ஒரே சுற்றில் இரண்டடி உள்ளே திருகிக்கொண்டு போய்விடும். அத்தனை வெற்றியும் அதில் வந்ததுதான்.

மெல்கியின் மகள் பெர்னதெத்தை வீட்டில் பெர்னி என்பார்கள். துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்குகிற கிரேன் ஓட்டுகிறாள். ஆள் ஒல்லி, கை பதறாது. வருஷப் பூசை முடிந்து சாப்பிட்டுக் கை கழுவும்போது அவள் கேட்டாள்.

"பெரியப்பா, இந்தத் திருவிழாவுக்கு அப்பா சீட்டுல நான் உக்காரட்டா?"

கஸ்பாரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நின்ற அவள் அம்மா பிலோமி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒருத்தர அனுப்பிட்டு உக்காந்திருக்கேன் அத்தான். இவளக் கரைக்குக் கொண்டாந்து விட்டுருவீங்கல்லா?"

"விட்டுருவேன்" என்றார் கஸ்பார். தண்ணீர் மட்டும் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது.

*

திருவிழாக் கொடி ஏறிய மறுநாள், பல்தசாரைக் கஸ்பாரும் பெர்னியும் ஒத்திகைக்குக் கடலில் இறக்கினார்கள். ஜெசிந்தா அன்று வேறு ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். எடையை இந்த முறை கஸ்பாரே வைத்திருந்தார். சீடன் தேறிவிட்டான் என்று குருவுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை.

நேர் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பல்தசார் வாழைத்தண்டில் கத்தி இறங்குகிற மாதிரி தண்ணீரை வகுந்துகொண்டு போனது. பழைய படகு, பழைய சத்தம்.

ஆமைத்திட்டு வந்தது. சுக்கானை வலப்பக்கம் திருப்பினார்.

படகு வலது விலாவைத் தண்ணீருக்குள் கொத்தி, பின்புறத்தைச் சுழற்றி, வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. பெர்னி முன் பலகையில் போய் மோதினாள். நிமிர்ந்தபோது உதடு கிழிந்து முகவாய் முழுக்க ரத்தம்.

"ஒண்ணுமில்ல பெரியப்பா" என்றாள். அதைச் சொல்லும்போதே ரத்தம் சட்டையில் சொட்டியது.

கஸ்பார் கரைக்கு ஊர்ந்தபடிதான் படகைக் கொண்டுவந்தார். பிலோமியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருந்தால் அந்தப் பிள்ளையை அவர் கரையில் கிடத்தித்தான் கொடுத்திருப்பார்.

சாயங்காலம் ஜெசிந்தா கல்யாணப் பட்டுப்புடவையோடே கொட்டகைக்கு வந்தாள். முதலில் பெர்னியின் உதட்டைப் பார்த்தாள். மீன்பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தாள். பிறகுதான் கஸ்பாரைப் பார்த்தாள்.

"சொல்லுங்கண்ணே."

"புரொப்பெல்லர் சரியில்ல. அந்த இறக்கை தேஞ்சிருக்கும்னு நெனைக்கேன். வேற எதைப் போடட்டும்?"

ஜெசிந்தா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு தார்ப்பாயை எடுத்து மணலில் விரித்தாள்.

அது எதற்கு என்று கஸ்பாருக்குத் தெரியும். கோளாறு என்று வந்த படகில் ஜெசிந்தா முதலில் மோட்டாரைத் தொட மாட்டாள். உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் தார்ப்பாயில் எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரனிடம் காரணம் கேட்பாள். காரணம் உள்ளது மட்டும்தான் படகுக்குத் திரும்பும். கடைசி நாளில் ஆண்டவர் எல்லாரிடமும் கணக்குக் கேட்பது போல, இதை ஊரில் பொதுத்தீர்வை என்பார்கள். எத்தனையோ பேருடைய தீர்வையைக் கஸ்பார் பக்கத்தில் நின்று பார்த்துச் சிரித்திருக்கிறார்.

"நங்கூரம் எதுக்கு?"

"பந்தயக் கமிட்டி கேக்கும்."

"இருக்கட்டும். இத்தனை ஸ்பானர் எதுக்கு? நடுக்கடல்ல ஒர்க்ஷாப் தொறக்கவா?"

அவரே எடுத்துத் தள்ளி வைத்தார்.

"இவரு?" அவள் கையில் விரல் நீளத்துக்கு ஒரு அந்தோணியார் சுரூபம்.

"காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுப்பாரு."

"கனமும் இல்ல. இருக்கட்டும்."

பேட்டரி, பெட்ரோல் டேங்க், தண்ணீர்க் கேன், துடுப்பு. ஒவ்வொன்றாக வந்தது. வலப்பக்க இருக்கையைக் கழற்றினாள். அடியில் கயிறு போட்டு இறுகக் கட்டிய இரண்டு சணல் மூட்டைகள் இருந்தன. ஒன்றைத் தூக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. தார்ப்பாயில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். ஈயமணிகள். வலையின் அடிக்கயிற்றில் கோத்து வலையைக் கடலடியில் நிறுத்துவார்களே, அந்த மணிகள்.

"இது எதுக்குண்ணே?"

கஸ்பார் மணலைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். அவளுக்கு அவசரமே கிடையாது.

"அது... மெல்கி" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெசிந்தா பட்டுப்புடவையோடு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

கஸ்பார் படபடவென்று பேசத் தொடங்கினார். பேச்சு நின்றால் என்ன ஆகும் என்று அவருக்கே பயமாக இருந்தது.

"மோட்டார் ஒரு பக்கமாச் சுத்தும்போது படகு இடப்பக்கம் சாயப் பாக்கும்லா. அந்தப் புரொப்பெல்லர் முறுக்கத்துக்கு இன்னும் ஜாஸ்தியாச் சாயும். மூக்கும் தூக்கும். அதை வலப்பக்கம் உக்காந்து அமுத்திக்கிட்டு இருந்தது மெல்கிதான். பெர்னி கனம் பத்தாது. அவன் எடையில இவ எடையக் கழிச்சுட்டு, மிச்சத்தை வச்சேன். கணக்குல தப்பு இல்ல ஓடாவி."

"கணக்குல தப்பு இல்ல" என்று ஜெசிந்தாவும் சொன்னாள்.

பெர்னி உதட்டிலிருந்து ஐஸை எடுத்தாள்.

"எனக்குத் தெரியும் பெரியப்பா. காலையிலயே சீட்டைத் தூக்கிப் பாத்தேன். அப்பா வலையில உள்ள மணி. வலைய யாரோ நாசம் பண்ணிட்டாங்கன்னு அம்மா தேடிக்கிட்டு இருக்கு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சின்னப்புள்ளையில அப்பா மடியில உக்காந்துதான கடலுக்குப் போவேன். அப்படி நெனச்சுக்கிட்டேன்." சற்று நிறுத்தினாள். "ஆனா இது சில்லுனு இருக்கு பெரியப்பா."

கஸ்பாருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. அவர் செய்ததில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தம்பி இல்லாத படகை ஓட்ட அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. பழைய கேள்வியையே மறுபடி கேட்டார்.

"அப்போ எந்தப் புரொப்பெல்லர் போடட்டும்?"

"நாளைக்குக் கடலுக்குப் போவோம்" என்றாள் ஜெசிந்தா. "எல்லாம் இன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கட்டும். மூட்டையும் இருக்கட்டும். நான் சுக்கான் புடிக்கேன். நீங்க வலப்பக்கம் உக்காருங்க."

"நானா? அந்த சீட்டுலயா?"

"ஏன், உங்க எடை பத்தாதா?"

*

இத்தனை வருஷத்தில் கஸ்பார் அந்த இருக்கையில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. காலை வெயிலில் அது சுட்டது. விசைப்பிடியில் மெல்கியின் கைபட்டு வழுவழுப்பான இடம் ஒன்று இருந்தது. அதில் கையை வைக்க அவருக்குக் கூசியது. வைத்தார்.

படகு வேகம் பிடித்ததும் மூக்கு எழும்பி முன்னால் கடலை மறைத்தது. இடப்பக்க இருக்கை உயரம் என்பதால் அவருக்கு இது தெரிந்ததே இல்லை. இங்கிருந்து அலை கண்ணுக்கே தெரியவில்லை. சுக்கானைப் பிடித்திருக்கிற ஆளின் கையும் பாதி முகமும்தான் தெரிந்தன.

அப்படியென்றால் மெல்கி எதைப் பார்த்து விசையைக் குறைத்தான்?

கஸ்பாருக்கு அது அப்போதுதான் உறைத்தது. அவன் அலையைப் பார்க்கவில்லை. அண்ணன் மணிக்கட்டைப் பார்த்திருக்கிறான். அண்ணன் முகத்தைப் பார்த்திருக்கிறான். "என் தம்பிக்கு அலை காதுல வந்து பேசும்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது இந்தக் கதைதானா?

ஆமைத்திட்டு நெருங்கியது. ஜெசிந்தாவின் மணிக்கட்டு அசைந்தது. யாரும் சொல்லாமலே கஸ்பாரின் கை விசையைக் குறைத்தது. உடம்பும் தானாக இடப்பக்கம் போய் அவள் தோளில் இடித்தது.

"தள்ளிப் போடா எருமை." அவருடைய பழைய குரலே அவர் காதில் கேட்டது.

எத்தனை வருஷம், எத்தனை திருப்பத்தில் இதைச் சொல்லியிருப்பார். மெல்கி ஒரு நாளும் தள்ளிப் போனதில்லை. வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அவ்வளவு பெரிய உடம்பும் வந்து இவர் தோளில் சாயும். தம்பி விளையாடுகிறான் என்றுதான் நினைத்திருந்தார்.

கீழே ஈயம் வலது விலாவைப் பிடித்து இழுத்தது. படகு நேற்றைப் போலவே கொத்தியது. விசை குறைந்திருந்ததால் ஒரு ஆட்டத்தோடு நின்றது. அவள் மோட்டாரை அணைத்தாள். தண்ணீர் விலாவில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னண்ணே தெரிஞ்சுது?"

"வலப்பக்கம் கொத்துது."

"அது நேத்தே தெரியுமே."

கஸ்பார் விசைப்பிடியை விடவில்லை.

"நான் சாஞ்சேன்" என்றார்.

"ம்."

"அவனும் சாய்வான். எம்மேல வந்து இடிப்பான். நான் ஏசுவேன்."

ஜெசிந்தா சீட்டுக்கு அடியில் காலால் மெல்லத் தட்டினாள்.

"இது சாயுமாண்ணே?"

கஸ்பார் அழுதார். அடக்கத்தன்று நாற்காலி எண்ணிய மனிதர், ஆமைத்திட்டுக்குப் பக்கத்தில், தம்பியின் இருக்கையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். ஜெசிந்தா அவரைத் தேற்றவில்லை. திட்டில் வந்து உட்கார்ந்த கடற்காக்கைகளைப் பார்த்துக்கொண்டு, அவர் முடிக்கும் வரை சும்மா இருந்தாள்.

*

அன்று பகல் முழுக்க வேலை நடந்தது.

பெர்னியை மீன் தராசில் நிற்க வைத்தார்கள். உயிர்காப்புச் சட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து. கடலில் என்னவெல்லாம் கூட வருமோ அத்தனையும்.

"மூணு பெரிய சீலா மீன் தேறுவ போலிருக்கே. கிரேன்ல ஏறும்போது காத்துல பறந்துர மாட்டியா?" என்றாள் ஜெசிந்தா.

"கதவை அடைச்சுக்கிடுவேன் ஓடாவியக்கா." சிரித்தால் உதடு வலித்தது. இருந்தும் சிரித்தாள்.

வாலில் இருந்த பேட்டரியைக் கஸ்பார் முன்புறம் வலது மூலைக்குக் கொண்டுபோனார். டேங்கை ஒரு கை அகலம் நகர்த்தினார். நகர்த்துவார், தண்ணீரில் விட்டுப் பார்ப்பார், மறுபடி கரையேற்றி நகர்த்துவார். ஜெசிந்தா ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, இங்கே வை, அங்கே வை என்று சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை பென்சிலை எடுத்துப் படகின் மூக்கில் ஒரு கோடு போட்டாள். "நிக்கும்போது தண்ணி இதத் தொட்டா போதும்."

வெயில் சாய்கிற நேரத்தில் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டது.

மிச்சம் புரொப்பெல்லர்தான். கஸ்பார் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார். எஃகு மூன்று இறக்கை பளபளத்தது. அதில் அவர் முகமே தெரிந்தது. அதைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். கடைசியில், யாரும் சீந்தாமல் மூலையில் தொங்கிய நான்கு இறக்கை ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். முறுக்கம் குறைவு. வாலைத் தூக்கிப் பிடித்து மூக்கைத் தண்ணீரில் அமர்த்தும். திருப்பத்தில் வழுக்காது.

"இது?" என்று நீட்டினார்.

"நேர் ஓட்டத்துல குறையும்லா" என்றாள் ஜெசிந்தா.

"குறையும்."

"அந்தோணிபுரத்துப் பயலுவ முந்திருவானுவ."

"முந்தட்டும். திட்டைச் சுத்தி வரணும்லா அவனுவளும்."

ஜெசிந்தா ஸ்பானரை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் ஒத்திகையில் கஸ்பார் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். பெர்னி வலப்பக்கம். சீட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை. நேர் ஓட்டத்தில் வேகம் குறைந்ததை அவர் காதே சொன்னது. பழைய அந்தச் சீற்றம் இல்லை. ஆனால் படகு இடமும் வலமும் ஆடாமல் நிதானமாகப் போனது.

திட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். இத்தனை ஓட்டத்தில் இதுதான் முதல் தடவை. பெர்னி இடது கையால் பிடிகம்பியை இறுகப் பற்றி, உடம்பை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் அவர் கையில் இருந்தது. அவள் அப்பாவும் இப்படித்தான் பார்த்திருப்பான். இதையா இத்தனை நாள் பார்க்காமல் விட்டோம்?

"கம்பிய விடு" என்று கத்தினார்.

"விட்டா விழுந்துருவேன் பெரியப்பா!"

"விழமாட்ட. சாஞ்சுக்க!"

"எங்க?"

"எம்மேல!"

சுக்கானைத் திருப்பினார். அவள் கை விசையைக் குறைத்தது. ஒரு நொடி தயங்கிவிட்டு, அந்த ஒல்லித் தோள் வந்து அவர் தோளில் இடித்தது. மெல்கியின் இடி இல்லை இது. கனமே இல்லை. ஆனால் சூடாக இருந்தது. பல்தசார் திட்டை ஒட்டிக்கொண்டு, ஒரு சொட்டுக் கோணல் இல்லாமல், வட்டமடித்துக் கரையைப் பார்த்தது.

"தள்ளிப் போ" என்று அவர் சொல்லவில்லை.

கரையில் பிலோமி நின்றிருந்தாள். யார் போய்ச் சொன்னார்களோ. மகள் இறங்கி நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு அவளோடு வீட்டுக்குப் போனாள். போகும்போது கஸ்பாரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

படகைக் கரையேற்றியாயிற்று. தார்ப்பாயில் காரணம் தேறியதெல்லாம் படகுக்குள் திரும்பிப் போய்விட்டது. அந்தோணியார்கூட. சணல் மூட்டை இரண்டும் மட்டும் மிச்சம் கிடந்தன. கஸ்பார் அவற்றின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"படகுல எடம் இல்ல" என்றார்.

"இல்ல" என்றாள் ஜெசிந்தா.

"அப்போ மெல்கிய எங்க வைக்க, ஓடாவி?"

ஜெசிந்தா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு மூட்டையின் காதைப் பிடித்தாள். மறு காதை அவர் பிடிக்கக் காத்திருந்தாள்.

"வலையில கட்டுங்கண்ணே. நாளைக்கு மீன் வரட்டும்."